இழுக்கிற எடையும் நிறுத்துகிற எடையும்

கொங்கு நாட்டில் டிரெய்லர் கட்டும் பட்டறை எதற்குள் போனாலும், வண்டி கட்டச் சொல்லி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை டன் இழுக்குமுங்க?" சூலூர்க்காரர் தண்ணீர் டேங்கருக்குக் கேட்பார், கிணத்துக்கடவுக்காரர் எம்-சாண்ட் அடிக்கக் கேட்பார், சத்தியமங்கலத்துக்காரர் கரும்புக்குக் கேட்பார். அண்மைக் காலமாகக் காருக்கும் ஜீப்புக்கும் பின்னால் சின்ன டிரெய்லர் கேட்டு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ரேக்ளா காளையை ஏற்றிப்போக வேண்டும் என்பார் ஒருவர். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயக் கார் கொண்டுபோக வேண்டும் என்பார் இன்னொருவர். பதிலையும் அவர்களே கையோடு கொண்டுவந்திருப்பார்கள். டிராக்டர் 45 எச்.பி., போன வண்டி பத்து டன்னை அனாயாசமாக இழுத்தது, இதுவும் இழுக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்தப் பதிலில் சந்தேகமே இல்லை. இழுக்கத்தான் செய்யும். ஆனால் சட்டம் எடைக்கு எல்லை வைக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எத்தனை டன்னை அந்த வண்டியால் நிறுத்த முடியும், எத்தனை டன்னை அந்த டயரும் ஆக்சிலும் ரோடும் தாங்கும் என்பதுதான் அதன் கேள்வி. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணை இழுவை எண்ணாகப் படிக்கிறவரைக்கும் அது வேண்டுமென்றே குறைத்து வைத்த எண்ணாகத்தான் தெரியும். நிறுத்தும் எண்ணாகப் படித்தால் அதில் இருக்கும் கணக்கு பிடிபட்டுவிடும்.

இழுப்பது எவ்வளவு சுலபம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தார் ரோட்டில், சமதரையில், காற்று சரியாக இருக்கும் டயரில் உருளும் வண்டிக்கு எதிர்ப்பு அதன் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுதான். எட்டு டன் டிரெய்லரை உருட்டிக்கொண்டே போக 120 கிலோ விசை போதும். ஒரு ஜோடிக் காங்கேயம் காளை ஏர் இழுக்கிற விசைக்கு அது அதிக தூரத்தில் இல்லை. அப்படியிருக்க 45 எச்.பி. டிராக்டருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கிளப்பும்போது கொஞ்சம் அதிகம் வேண்டும், மேட்டில் நிறையவே வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அதே எட்டு டன் 800 கிலோ விசையைக் கூடுதலாகக் கேட்கும். அதையும் முதல் கியரில் போட்டு மெதுவாக ஏற்றிவிடலாம். ஹிட்ச் உயரம் தப்பாக இருந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும் என்பது தனிக்கதை. ஆக, வண்டி இழுத்துவிட்டது என்பது பாரம் சரியான அளவில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியே ஆகாது. எஞ்சின் எந்த நாளும் 'முடியாது' என்று சொல்லி நம்மைக் காப்பாற்றப்போவதில்லை. கியர் இருக்கிறவரை அது தலையாட்டிக்கொண்டேதான் இருக்கும்.

நிறுத்துவதற்கு இப்படிக் கியர் கிடையாது. டிராக்டரின் எடை இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். இருந்தாலும் தாராளமாக முழு எடையும் பிரேக்குக்கு உதவுகிறது என்றே கணக்கு வைப்போம். டயருக்கும் ரோட்டுக்கும் பிடிப்பு 0.6 என்றால் அதிகபட்சம் 1.2 டன் நிறுத்தும் விசை கிடைக்கும். தனியாக ஓடும் டிராக்டர் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் ஆறு மீட்டரில் நிற்கும். அதன் பின்னால் பிரேக் இல்லாத எட்டு டன் டிரெய்லரை மாட்டிவிட்டு, அதே வேகத்தில் அதே பிரேக்கை அடித்தால் கிட்டத்தட்ட 30 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஓட்டுநர் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. காரிலும் இதே விதிதான். 1.2 டன் கார், பிடிப்பு 0.7, வேகம் 60 கிலோமீட்டர்: தனியாக என்றால் 20 மீட்டர். 1.2 டன்னுக்குப் பிரேக் இல்லாத டிரெய்லரையும் சேர்த்தால் 40 மீட்டர். இந்தக் கணக்கில் எங்கேயாவது எச்.பி. வந்ததா என்று பாருங்கள். 45 எச்.பி.க்குப் பதில் 75 எச்.பி. டிராக்டரை மாட்டினாலும், எடை அதேதான் என்றால் அந்த 30 மீட்டரில் ஒரு சாண்கூடக் குறையாது. இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். ஏற்றத்தில் இழுக்க வேண்டியிருந்த அந்த 800 கிலோ, இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும். வளைவில் அப்படித் தள்ளினால் டிராக்டர் குறுக்கே மடங்கிக்கொள்ளும்.

இந்தக் கணக்கைத்தான் உலகம் முழுக்கச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லரைக் கார் இழுப்பதற்கான உச்சவரம்பு 750 கிலோ, அல்லது இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. காரின் எடையை வைத்து எல்லை போட்டிருக்கிறார்களே தவிர எஞ்சினின் பலத்தை வைத்துப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய வகைப்பாட்டிலும் டிரெய்லர்கள் 750 கிலோ, 3.5 டன், 10 டன் என்ற படிகளில் பிரிகின்றன. 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் விடலாம். அதைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 3.5 டன் வரைக்கும் டிரெய்லர் முன்னால் வந்து முட்டுகிற விசையே அதன் பிரேக்கைப் பிடிக்கிற ஓவர்ரன் அமைப்பு போதும். அதற்கும் மேலே போனால் இழுக்கும் வண்டியின் பெடலோடு சேர்ந்து இயங்கும் முழுப் பிரேக் வேண்டும். ஒவ்வொரு படியும் பிரேக்கின் படி. நம்மூருக்கு வந்தால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆவது பிரிவு போக்குவரத்து வாகனத்தின் பதிவில் எதையெல்லாம் குறிக்க வேண்டும் என்று சொல்கிறது: வெற்று எடை, ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் டயரின் எண்ணிக்கை, வகை, அளவு, மொத்த எடை, ஒவ்வொரு ஆக்சிலுக்கும் உரிய எடை. எடையைச் சட்டம் டயரின் பக்கத்தில்தான் உட்கார வைத்திருக்கிறது. 113ஆவது பிரிவு அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு, பாரத்தோடு இருக்கும் எடை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓட்டுகிறவர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்துதான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறது. டிரைவர் தலையில் போட்டுவிட்டு நகர்கிற பழக்கத்துக்கு வைத்த பூட்டு அது.

இங்கே பலருக்கும் இடறுகிற ஒரு இடம் உண்டு. டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை, ஆகவே அது வண்டி இல்லை, டிராக்டருக்கு மாட்டிய ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் 2ஆவது பிரிவு மோட்டார் வாகனம் என்பதற்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்துவிட்டது. அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனி மொத்த எடை. ஆகவே ஒரு ஜோடி வண்டி ரோட்டில் போகும்போது அங்கே குறைந்தது இரண்டு எல்லைகள் ஓடுகின்றன. டிரெய்லரின் மொத்த எடை ஐந்து டன் என்றால் ஐந்து டன் ஏற்றலாம் என்றும் அர்த்தமில்லை. டிரெய்லரின் வெற்று எடை ஒன்றரை டன் போக மூன்றரை டன்தான் சரக்கு. இந்தக் கழித்தல் கணக்கைச் செய்யாமலேயே ஆயுசைக் கழித்த வண்டிகள் எங்கள் பக்கம் நிறைய. பட்டறைக்காரர்களான நாங்கள் இதில் யோக்கியர்கள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். உறுதிக்காக என்று சொல்லி சேனலைத் தடிப்பாகப் போட்டு, செக்கர்டு பிளேட்டை விரித்து, நாலு ஆங்கிளைச் சேர்த்து வெல்டு வைக்கும்போது வெற்று எடை கூடுகிறது. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கில் ஒரு கிலோவைத் தின்றுவிடும். "கனமா இருக்குது, நல்லா கட்டியிருக்காங்க" என்று டிரெய்லரைத் தட்டிப் பார்த்துப் பாராட்டுகிறவர்கள் உண்மையில் நஷ்டத்தைப் பாராட்டுகிறார்கள்.

மீறல் தொடங்கும் இடம் ரோடு அல்ல, சந்தை. சட்டம் கிலோவில் பேசுகிறது. எங்கள் ஊர் வியாபாரம் கன அளவில் பேசுகிறது. எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் விற்பனை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. செங்கல் 'லோடு' கணக்கு, உரிமட்டை 'பெட்டி நிறைய' கணக்கு. வாங்குகிறவர் பெட்டி நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாரே தவிர எடை என்ன என்று கேட்க மாட்டார். ஆகவே டிரெய்லரின் எடை எல்லையை நடைமுறையில் தீர்மானிப்பது ஆர்.சி. அல்ல, பக்கப்பலகையின் உயரம். 11 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி என்றால் 132 கன அடி. ஒரு கன மீட்டர் எம்-சாண்ட் 1.65 டன் என்று வைத்துக்கொண்டால், தலைதட்டிப் போட்டாலே ஆறு டன்னுக்கு மேல் வந்துவிடும். இதன்மேல் "ஒரே ஒரு அடி தூக்கி வையுங்க" என்பார்கள். அந்த ஒரு அடி 66 கன அடி, மூன்று டன்! மழையில் நனைந்த மணல் என்றால் இன்னும் கூடும். பட்டறையில் அரைநாள் வேலை, நாலு தகடு, கொஞ்சம் வெல்டிங் ராடு. அதைச் செய்துகொடுத்த அன்றைக்கே, இனி அந்த வண்டி ஓடப்போகும் ஒவ்வொரு நடையிலும் மூன்று டன் அதிகப் பாரம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 52ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. பலகையைத் தூக்குவது யாருக்கும் குற்றமாகவே தோன்றுவதில்லை. எடையைத் தொடாமல் உயரத்தை மட்டும்தான் தொட்டதாக நினைப்பு.

உரிமட்டை, தென்னைநார்க்கழிவு விஷயத்தில் பொள்ளாச்சிப் பக்கம் இன்னொரு வேடிக்கை நடக்கும். காய்ந்த நார்க்கழிவை மலையாக ஏற்றினாலும் எடை அவ்வளவாக இருக்காது. அங்கே பிரச்சினை பக்கவாட்டில் பிதுங்குவதும் உயரமும்தான். அதே நார்க்கழிவு தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பார்கள். செடி வளர்க்க வெளிநாட்டுக்காரன் அதை வாங்குவதே இந்தக் குணத்துக்காக. தார்ப்பாய் போடாமல் ஆனைமலையில் கிளம்பிய லோடு, தென்மேற்குப் பருவ மழையில் நனைந்துகொண்டு வந்து சேரும்போது வேறொரு எடையில் இருக்கும். தண்ணீர் டேங்கரில் நேர் எதிர்ச் சிக்கல். 5,000 லிட்டர் என்றால் ஐந்து டன், அதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் பாதி இறக்கிவிட்டுத் திரும்பும் டேங்கர் எடையில் குறைந்தும் ஆபத்தில் கூடியும் வருகிறது. பிரேக் அடித்தால் உள்ளே இருக்கும் இரண்டரை டன் தண்ணீர் முன்னால் ஓடி முட்டும். வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். உள்ளே தடுப்புத் தகடு வைத்துக் கட்டச் சொன்னால், கழுவுவதற்குத் தொல்லை என்று வேண்டாம் என்பார்கள்.

கார், ஜீப் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கோவையில் காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் பழக்கம் வளராமல் போனதற்கு 2005இல் வந்த 'குட்டி யானை' என்ற சின்னச் சரக்கு வண்டியும் ஒரு காரணம் என்பது என் கட்சி. சரக்கை முதுகிலேயே ஏற்றிக்கொள்ளும் சின்ன வண்டி கிடைத்துவிட்டால், இரண்டு பதிவு, இரண்டு எடை, ஒரு கொக்கி என்ற தலைவலி எதற்கு? இருந்தும் காளைக்கும் குதிரைக்கும் ஜெனரேட்டருக்கும் டிரெய்லர் கேட்கிறவர்கள் பெருகுகிறார்கள். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, காரோடு வரும் இழுவைக் கொக்கி ரிப்பேரான வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்துப்போவதற்கானது, டிரெய்லர் மாட்டுவதற்கு அல்ல என்பதை. பல கார்களின் கையேட்டில் எத்தனை கிலோ டிரெய்லர் இழுக்கலாம் என்ற வரியே இருக்காது. வரி இல்லை என்றால் எல்லை இல்லை என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். தயாரித்தவன் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அடுத்தது, மொத்த எடைக்குள் இருந்தாலும் போதாது என்பது. டிரெய்லரின் மூக்கு கார்க் கொக்கியின்மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பது தனி எல்லை. சாதாரணக் கார்களில் அது 75, 100 கிலோ அளவில்தான் இருக்கும். மூக்கு எடை அதிகமானால் காரின் முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு போகும். குறைந்து வால்பக்கம் கனமானால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும். அரை டன் எடையுள்ள ஒரு காளை, கொக்கியிலிருந்து ஆக்சில் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் டிரெய்லரில் அரை மீட்டர் பின்னால் நகர்ந்தால், மூக்கு எடையில் 83 கிலோ குறைகிறது. அதாவது இருந்த மூக்கு எடை முழுக்கப் போய்விடலாம். எடைமேடையில் எல்லாம் சரி என்று சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிய வண்டி, காளை ஒரு அடி எடுத்து வைத்ததும் வேறு வண்டி ஆகிவிடுகிறது. கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர்த் திருவிழாச் சந்தைக்கும் உயிருள்ள பாரத்தைக் கொண்டுபோகிறவர்கள், குறுக்குக் கட்டை வைத்துக் காளையை நகரவிடாமல் கட்டுவது வெறும் அக்கறை அல்ல. அதுவும் எடைக் கட்டுப்பாடுதான்.

இனி மறுப்புகள். படித்தவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: தயாரிப்பாளர்கள் எப்போதும் கூடுதல் பலம் வைத்துத்தான் கட்டுகிறார்கள், எண் பயந்துபோய் எழுதியது. சாட்சியாக 2018 ஜூலையைக் காட்டுவார்கள். அப்போது மத்திய அரசு நாலு டயர் ஒற்றை ஆக்சிலின் எல்லையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கும், இரட்டை ஆக்சிலை 19 டன்னிலிருந்து 21 டன்னுக்கும் உயர்த்தியது. மொத்த எடைக்கு 49 டன்னாக இருந்த உச்சவரம்பு 55 டன் ஆயிற்று. நேற்று குற்றமாக இருந்தது இன்று சட்டம் ஆகிவிட்டதே, அப்படியானால் நேற்றைய எண் பொய்தானே? வலுவான வாதம்தான், ஆனால் பாதி தூரம்தான் ஓடும். பாதுகாப்புக்கென வைத்த கூடுதல் பலம், சும்மா கிடக்கும் இடம் அல்ல. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஆக்சில் ஒரு கணம் தன் பாரத்தைவிட மிக அதிகமாக வாங்கிக்கொள்கிறது. பழைய டயர், தேய்ந்த லைனிங், வெல்டிங்கில் ஒளிந்திருக்கும் விரிசல் எல்லாமே அந்தக் கூடுதல் பலத்தைத்தான் சாப்பிடுகின்றன. அதைச் சரக்கு போட்டு நிரப்பிவிட்டால் பள்ளத்துக்கு மிச்சம் இருக்காது. தவிர, பொது வரம்பு உயர்ந்ததால் உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் எண் தானாக எழுந்து நின்றுவிடாது. 113ஆவது பிரிவு பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான். ரோட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டி ஓட்டி ரோட்டைச் சோதித்தார்கள். ஆக்சில் பாரம் கூடக்கூட ரோட்டின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. 10.2 டன் ஆக்சிலில் 13 டன் ஏற்றினால் பாரம் 27 சதவீதம்தான் கூடுதல், சேதமோ 2.6 மடங்கு. பத்து லாரி ஓடி உடைக்க வேண்டிய ரோட்டை நாலு லாரி உடைத்துவிடும். அந்தப் பள்ளத்தில் விழுவதும் நம் ஆக்சில்தான்.

இன்னொரு மறுப்பு தோட்டத்துக்காரர்களுடையது: காட்டிலிருந்து ஆலைக்குப் பத்து கிலோமீட்டர், வேகமும் இல்லை, இதற்கு இத்தனை கணக்கா? வேகம் குறைவு என்பதில் நியாயம் இருக்கிறது. வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்பங்காகும். ஆனால் தூரம் குறைவு என்பதில் நியாயம் இல்லை. பிரேக்குக்குத் தூரம் தெரியாது, இறக்கம்தான் தெரியும். திம்பம் மலைப்பாதையைப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற அந்தப் பாதையில் 16.2 டன் என்று ஒரு கட்டுப்பாடு பேசப்படுகிறது. அந்த எண் எங்கிருந்தோ குதித்ததல்ல. முன் ஆக்சிலுக்கு 6, பின் ஆக்சிலுக்கு 10.2 என்று 2018க்கு முன்பிருந்த இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை. அந்த வளைவுகளில் திரும்பவும் நிற்கவும் தெரிந்த வண்டியின் அளவு அது. அதற்கு மேலே ஆசனூர்ப் பக்கம் காராப்பள்ளம் சோதனைச்சாவடியில் கரும்பு வண்டிக்கு உயரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்புக்குள் நுழைவதற்காக அதிகக் கரும்பை ரோட்டோரம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதைத் தின்று பழகிய யானைகள் இப்போது கரும்பு வண்டிக்காகக் காத்து நிற்கின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்பே ஓவர்லோடைக் கண்டுபிடித்தவை அவைதான்.

லைசென்ஸை எடுத்து நீட்டுகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. 7,500 கிலோ வரை உள்ள போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்த்துவைத்தது. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர் டிரெய்லர் மாட்டியதாலேயே உரிமம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 2001இலேயே சொல்லியிருக்கிறது. இரண்டும் யார் ஓட்டலாம் என்பதைப் பற்றியவை. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இவற்றில் பதில் தேடக் கூடாது.

கடைசி மறுப்புதான் கனமானது. சட்டப்படி ஏற்றினால் வாடகை கட்டாது என்கிறார்கள். டீசல், டயர், டிரைவர் பேட்டா, டியூ, இன்சூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சுவது அந்த மூன்று டன்னில்தான் என்பது பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று டன் ஏன் லாபமாகத் தெரிகிறது என்று யோசிக்க வேண்டும். எல்லாரும் அதிகம் ஏற்றினால் டன்னுக்கான வாடகை இறங்குகிறது. இறங்கிய வாடகையில் பிழைக்க இன்னும் அதிகம் ஏற்ற வேண்டும். ஆதாயம் சரக்குக்காரருக்கும் தரகருக்கும் போகிறது, டயரும் ஆக்சிலும் வண்டிக்காரருக்கு. ஒருவர் மட்டும் சட்டப்படி ஏற்றினால் அவருக்கு நஷ்டம் என்பது உண்மைதான். அதனால்தான் இதில் தனிமனித யோக்கியதையை நம்பிப் பயனில்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிடி விழ வேண்டும். சில மாநிலங்கள் ஒருகாலத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு அதிகப் பாரத்தை அனுமதிக்கும் அட்டைகளை விற்றன. பணம் கட்டிவிட்டதால் எடை குறைந்துவிடாது என்ற எளிய விஷயத்தை 2005இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2019 திருத்தத்துக்குப் பின் 194ஆவது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, இறக்கும் செலவு தனி. இறக்காமல் வண்டி நகரக் கூடாது. நம் 'ஒரே ஒரு அடி' பலகை அப்படியானால் 26,000 ரூபாய். நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000. போகிற வழியில் பத்து கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே ஓட்டிப்போய் நிறுத்தச் சொல்ல 114ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. கொங்கு நாட்டில் பத்து கிலோமீட்டருக்குள் எடைமேடை இல்லாத மெயின் ரோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த எடைமேடைகளிலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். சர்க்கரை ஆலை வாசலில் ஒவ்வொரு கரும்பு வண்டியும் பாரத்தோடு ஒருமுறை, எம்ப்ட்டியாக ஒருமுறை எடை போடப்படுகிறது. கிராஸ், டேர், நெட் மூன்றும் வண்டி எண்ணோடு அச்சாகின்றன. குவாரியிலும் சிமென்ட் ஆலையிலும் நூற்பாலையிலும் அதேதான். ஆண்டுக்கொருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை பெற்ற தராசு தருகிற சீட்டு அது. அதிகப் பாரத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு கிடையாது. ஆனால் அதை யாரும் சாட்சியமாகப் பார்ப்பதில்லை, பணம் வாங்கும் ரசீதாகத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சீட்டில் நாலாவதாக ஒரு வரி அச்சடிக்கலாம்: ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை. வண்டி எண்ணைத் தட்டினால் பதிவு விவரம் திரையில் வருகிற காலம் இது. கிராஸ் அந்த வரியைத் தாண்டினால், தாண்டிய டன்னுக்கு ஆலை விலை கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி போதும். கரும்பு காய்கிற சமயத்தில் வெட்டாளுக்கும் வண்டிக்கும் காத்து நிற்கிற விவசாயிதான் இதற்கு முதலில் எதிர்ப்புச் சொல்வார். அவர் சொல்வதும் நியாயமாக இருக்கும், ஏனென்றால் நடை கூடும், அந்த வாடகை அவர் தலையில் விழும். ஆகவே நடைக்கூலியை ஆலைகள் ஆர்.சி. எடையை வைத்துத் திருத்தி நிர்ணயித்த பிறகுதான் அந்த விதியைக் கொண்டுவர வேண்டும். அப்படி வந்தால் பட்டறைக்கு வருகிறவர் பலகையை ஒரு அடி தூக்கி வைக்கச் சொல்ல மாட்டார். இன்னொரு ஆக்சிலும், டிரெய்லருக்குப் பிரேக்கும் போட்டுப் பதிவு செய்ய என்ன செலவாகும் என்று கேட்பார். எட்டு டன்னுக்கும் அதன் சொந்தப் பிரேக் இருந்தால், மேலே போட்ட கணக்கில் அந்த 30 மீட்டர் மறுபடியும் ஆறு மீட்டர் ஆகிறது.